ஸ்ட்ரீமர் தருவதை டேக் அப்படியே வாங்க: ஹை-ரெஸ் இணைப்புக்கு முழுமையான வழிகாட்டி

இணையத்திலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ பாட்டை எடுத்து ஓட்டும் ஸ்ட்ரீமரின் பெட்டியில் 192 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. அது தரும் டிஜிட்டல் எண்களை ஆம்ப்ளிஃபையருக்கான ஒலி சிக்னலாக மாற்றும் டேக்கின் (DAC) பெட்டியில் 768 என்று போட்டிருக்கிறது. இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்து, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் பாட்டு ஒன்றை ஓடவிட்டால், டேக்கின் சின்னத் திரையில் 48 என்று வருகிறது. பாட்டு கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வழியில் எங்கோ அது மாற்றப்பட்டுத்தான் வந்திருக்கிறது.

என் வீட்டில் இந்த 48 பல மாதம் நின்றது. கேபிளை மாற்றினேன். டேக்கின் செட்டிங்குகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் பிரச்சினை இரண்டு கருவிகளிலும் இல்லை. பாட்டை நான் போனிலிருந்து அனுப்பிய விதத்தில் இருந்தது. அதனால் இந்த வழிகாட்டியில் கேபிளை மட்டும் பேசப்போவதில்லை. பாட்டு கிளம்பும் இடத்திலிருந்து டேக்கின் திரை வரை மொத்தப் பாதையையும் நடந்து பார்ப்போம்.

இலக்கு ஒன்றுதான். கோப்பில் என்ன எண் இருக்கிறதோ, டேக்கின் திரையிலும் அதே எண் வர வேண்டும். 44.1 பாட்டுக்கு 44.1, 96 பாட்டுக்கு 96. 44.1 பாட்டுக்கு 192 என்று காட்டினால் அதுவும் பொருத்தம் தவறியதுதான், எண் பெரிதாக இருந்தாலும்.

தொடங்கும் முன்: எண்கள் சொல்வது என்ன

1982-இல் வந்த சிடியின் அளவு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். 44.1 என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பதுண்டு. அந்தக் காலத்தில் டிஜிட்டல் ஒலியைப் பதிய வீடியோ டேப்பைப் பயன்படுத்தினார்கள். டிவி படத்தின் ஒவ்வொரு வரியிலும் மூன்று அளவுகள், ஒரு ஃபீல்டுக்கு 245 வரிகள், நொடிக்கு 60 ஃபீல்டுகள். பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும். சினிமாவும் வீடியோவும் 48-ஐப் பிடித்துக்கொண்டன.

அன்றிலிருந்து இரண்டு குடும்பங்கள். ஒன்றில் 44.1, 88.2, 176.4, 352.8. இன்னொன்றில் 48, 96, 192, 384. ஒரு குடும்பத்துக்குள் மாறுவது இரண்டால் பெருக்குவது, வகுப்பது. குடும்பம் விட்டுக் குடும்பம் மாறும்போது கணக்கு சிக்கலாகிறது: 44.1-ஐ 192 ஆக்க 640-ஆல் பெருக்கி 147-ஆல் வகுக்க வேண்டும். நல்ல மென்பொருள் இதை நன்றாகவே செய்யும். ஆனால் எந்த மென்பொருள் நடுவில் உட்கார்ந்து செய்கிறது என்று நமக்குப் பெரும்பாலும் தெரியாது. அதுதான் கவலை.

பிட் விஷயத்தில் மனசைப் போட்டு உழப்ப வேண்டாம். ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபெல். 16 பிட்டுக்கு 96, 24 பிட்டுக்கு 144. இன்றைய மிக நல்ல டேக்குகளே 120 முதல் 130 டெசிபெல் வரைதான் எட்டுகின்றன. அதனால் ஸ்ட்ரீமர் 24 பிட் தந்து, டேக் 32 பிட் வாங்கும் என்றால் எதையும் இழக்கவில்லை. மிச்ச எட்டு இடத்தில் சுழியம் போகும், அவ்வளவுதான்.

முதல் படி: பெட்டியை விடுங்கள், சாக்கெட்டைப் பாருங்கள்

பெட்டியில் அச்சடித்த பெரிய எண் ஏதோ ஒரு சாக்கெட்டுக்கு மட்டும் உரியது, பெரும்பாலும் யூஎஸ்பிக்கு. 768 என்று விளம்பரம் செய்யும் டேக்கே கோஆக்ஸியலில் 192-உம், ஆப்டிகலில் 96-உம் மட்டும் வாங்கலாம். எனவே இரண்டு கருவிகளின் கையேட்டையும் திறந்து, ஒரு தாளில் சாக்கெட் வாரியாக எழுதுங்கள்: ஸ்ட்ரீமரின் ஆப்டிகல் எவ்வளவு தரும், கோஆக்ஸியல் எவ்வளவு, யூஎஸ்பி எவ்வளவு; டேக்கின் ஒவ்வொன்றும் எவ்வளவு வாங்கும். ஒரே வகைச் சாக்கெட்டுகளில் எது சிறிய எண்ணோ, அதுதான் அந்தப் பாதையின் உச்சம்.

இரண்டு இடங்களில் ஏமாறுவது சகஜம். ஸ்ட்ரீமரின் பின்னால் யூஎஸ்பி சாக்கெட் இருந்தாலே அதில் டேக்கைச் செருகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பல ஸ்ட்ரீமர்களில் அது பென் டிரைவ் அல்லது ஹார்ட் டிஸ்கிலிருந்து பாட்டு படிக்க மட்டுமே. கையேட்டில் யூஎஸ்பி வழியாக ஒலி வெளியே போகும் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். இன்னொன்று, சில ஸ்ட்ரீமர்கள் எந்தச் சாக்கெட்டிலும் ஒரு அளவைத் தாண்டாது. சோனோஸ் போர்ட் எடுத்துக்கொண்டால் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்தான் அதன் எல்லை. அதன் பின்னால் எவ்வளவு பெரிய டேக் வைத்தாலும் அந்த எல்லை நகராது.

இரண்டாம் படி: பாதையைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும்.

கோஆக்ஸியலும் ஆப்டிகலும் அனுப்புவது ஒரே சங்கதியை. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த எஸ்பிடிஐஎஃப் என்ற முறை அது. ஒன்று மின்சாரமாக அனுப்புகிறது, மற்றொன்று சிவப்பு ஒளியாக. இரண்டிலும் அதிகபட்சம் 24 பிட். இரண்டிலும் ஸ்ட்ரீமரின் கடிகாரம்தான் தலைவன். தகவலோடு கலந்து வரும் அந்தத் தாளத்தை டேக் பிடித்துக்கொண்டு பின்தொடர வேண்டும். தாளம் மிகச் சிறிய அளவில் முன்பின் ஆடுவதைத்தான் ஜிட்டர் என்கிறார்கள். பத்திரிகைகளில் இதைப் பற்றிப் பெரிய பயமுறுத்தல் உண்டு. இன்றைய டேக்குகள் இந்த ஆட்டத்தைப் பெருமளவு வடிகட்டிவிடுகின்றன. என் கருத்தில், வாங்கும் முடிவை ஜிட்டரை வைத்து எடுக்கத் தேவையில்லை.

ஆப்டிகலின் பெரிய வரம், இரண்டு கருவிகளுக்கும் நடுவில் மின்தொடர்பே இல்லாதது. ஸ்பீக்கரில் 'உம்ம்' என்ற இரைச்சல் வந்து, அது எர்த் சுழற்சியால் (இரண்டு கருவிகளின் எர்த்தும் கேபிள் வழியாகவும் இணைந்து மின்சாரம் சுற்றுவதால்) வருகிறது என்று தெரிந்தால், ஆப்டிகலுக்கு மாறினாலே தீர்ந்துவிடும். அதன் பலவீனம் வேகம். எஸ்பிடிஐஎஃப் முறையில் 96 கிலோஹெர்ட்ஸ் போக நொடிக்கு சுமார் 6.1 மெகாபிட் ஓட வேண்டும், 192-க்கு 12.3. 1983-இல் தோஷிபா கொண்டுவந்த இந்த டாஸ்லிங்க் இணைப்பின் பாகங்கள் பல, அந்த வேகத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அதனால் ஆப்டிகலில் 96 வரை நம்பலாம். 176.4-உம் 192-உம் சில ஜோடிகளில் ஓடும், சிலவற்றில் ஓடாது, சிலவற்றில் ஓடிக்கொண்டே நடுநடுவே அறுபடும். கேபிளைக் குறுகலாக மடிக்காதீர்கள். புதுக் கேபிளின் இரு முனைகளிலும் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்றியாயிற்றா என்றும் பாருங்கள். ஒலியே வராத பலருக்குக் காரணம் அந்த மூடிதான்.

கோஆக்ஸியல் 192 வரை நிம்மதியாகப் போகும். அதற்கு 75 ஓம் கேபிள் வேண்டும். ஆர்சிஏ முனை ஒரே மாதிரி இருப்பதால் சாதாரண ஆடியோ கேபிளும் செருகிக்கொள்ளும், 44.1-இல் பாடவும் செய்யும். அதே கேபிளில் 192 போட்டால் தடுமாறலாம். ஒரு நல்ல 75 ஓம் வீடியோ கேபிள் போதும். அதற்குமேல் செலவழிப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. இரண்டு கருவிகளிலும் ஏஇஎஸ் என்ற மூன்று முள் எக்ஸ்எல்ஆர் சாக்கெட் இருந்தால் அதுவும் நல்ல பாதைதான். அதற்கு 110 ஓம் கேபிள்.

யூஎஸ்பி வேறு விதமாக வேலை செய்கிறது. இன்றைய டேக்குகளில் பெரும்பாலானவை அசிங்க்ரனஸ் முறை. அதில் டேக்கின் கடிகாரமே தலைவன். 'இன்னும் கொஞ்சம் அனுப்பு, போதும், கொஞ்சம் மெதுவாக' என்று டேக் கேட்கும், ஸ்ட்ரீமர் அதற்கேற்ப அனுப்பும். 384, 768 என்ற பெரிய அளவுகளோ, ஐந்தாம் படியில் வரும் டிஎஸ்டி கோப்புகளோ வேண்டுமென்றால் பெரும்பாலும் இதுதான் வழி.

யூஎஸ்பியில் கவனிக்க வேண்டியது, டேக் எந்த வகுப்பில் (யூஎஸ்பி ஆடியோ கிளாஸ் என்ற விதித்தொகுப்பின் எந்தப் பதிப்பில்) இயங்குகிறது என்பது. பழைய வகுப்பு ஒன்றில் ஒலிக்கு ஒதுக்கக்கூடியது நொடிக்கு சுமார் 8.2 மெகாபிட். 24 பிட், 192-க்கு 9.2 வேண்டும். ஆகவே அங்கே 96-தான் நடைமுறை எல்லை. வகுப்பு இரண்டு வந்தபின் அந்தக் கதவு திறந்தது. சில டேக்குகளில் இரண்டு வகுப்புகளுக்கும் நடுவில் மாற்ற ஒரு சுவிட்சோ மெனுவோ இருக்கும். உங்கள் டேக் யூஎஸ்பியில் 96-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்றால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள். ஸ்ட்ரீமர்களில் பெரும்பாலானவை உள்ளே லினக்ஸில் ஓடுவதால், தனியாக டிரைவர் போடும் வேலை கிடையாது.

சில விலை உயர்ந்த ஜோடிகளில் எச்டிஎம்ஐ மாதிரித் தெரியும் சாக்கெட்டில் ஐ-ஸ்கொயர்-எஸ் இணைப்பு இருக்கும். எந்த முள்ளில் எது வரும் என்பதற்குப் பொது விதி இல்லை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரண்டு கையேடுகளிலும் முள் வரிசை ஒத்துப்போனால் மட்டும் தொடுங்கள்.

சுருக்கமாக என் தேர்வு: இரண்டிலும் யூஎஸ்பி இருந்தால் யூஎஸ்பி. இல்லையென்றால் கோஆக்ஸியல். இரைச்சல் தொல்லை இருந்தால், அல்லது கேட்பதெல்லாம் 96-க்குள் என்றால், ஆப்டிகல்.

மூன்றாம் படி: பாட்டு எங்கிருந்து, எப்படி வருகிறது

என்னைப் பல மாதம் அலையவிட்டது இந்த இடம்தான். போனில் இருக்கும் செயலி இரண்டு விதமாக வேலை செய்யலாம். ஒன்றில் போனே பாட்டை இறக்கி, அதை ஸ்ட்ரீமருக்குத் தள்ளுகிறது. மற்றதில் போன் வெறும் ரிமோட். 'இந்தப் பாட்டை நீயே எடுத்துப் போடு' என்று ஸ்ட்ரீமரிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடும். டைடல் கனெக்ட், கோபஸ் கனெக்ட், ஸ்பாட்டிஃபை கனெக்ட் எல்லாம் இரண்டாவது வகை. நமக்கு வேண்டியதும் அதுதான்.

முதல் வகையில் போகும் வழி எல்லாவற்றுக்கும் ஒரு எல்லை உண்டு. ஏர்பிளேயில் வருவது பெரும்பாலும் 16 பிட், 44.1. புளூடூத்தில் எல்டாக் என்ற உயர்தர முறை இருந்தாலும் நொடிக்கு 990 கிலோபிட்தான் உச்சம். சிடியின் முழுத் தகவலே 1411 கிலோபிட். ஆண்ட்ராய்டு போனைப் பொறுத்தவரை, அதன் ஒலிக்கலவை பொதுவாக எல்லாவற்றையும் 48-க்கு மாற்றிவிடும். 2023-இல் வந்த ஆண்ட்ராய்டு 14-இல்தான், மாற்றாமல் யூஎஸ்பி டேக்குக்கு அனுப்ப செயலிகளுக்கு முறையான வழி கிடைத்தது. செயலியும் அதைப் பயன்படுத்தினால்தான் பலன்.

சேவையின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். டைடல், கோபஸ், அமேசான் மியூசிக், ஆப்பிள் மியூசிக் ஆகியவை 24 பிட், 192 வரை வைத்திருக்கின்றன. ஸ்பாட்டிஃபை 2025-இல் தொடங்கிய லாஸ்லெஸ் (தகவல் எதையும் இழக்காத தரம்) 24 பிட், 44.1 வரை. அங்கே டேக் 44.1 காட்டினால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே பொருள். எல்லாப் பாட்டும் உச்ச அளவில் இருக்காது. ஒரு ஆல்பத்தை எந்த அளவில் பதிந்தார்களோ அதுதான் கிடைக்கும்.

அப்புறம் செயலியின் தர செட்டிங். வைஃபைக்கு ஒன்று, மொபைல் டேட்டாவுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். சில சேவைகளில் ஸ்ட்ரீமரின் சொந்தச் செயலிக்குள் போய் மறுபடியும் ஒருமுறை உச்சத் தரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

நான்காம் படி: ஸ்ட்ரீமரைக் கையைக் கட்டி உட்கார வைப்பது

முதலில் ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். அடுத்து சொல்லப்போவது ஸ்ட்ரீமரின் வால்யூமை நூறு சதவீதத்தில் நிலைநிறுத்துவது. அதைச் செய்யும் முன் ஆம்ப்ளிஃபையரின் வால்யூமை முழுக்கக் குறையுங்கள். ஸ்ட்ரீமருக்குப் பிறகு டேக்கிலோ ஆம்ப்ளிஃபையரிலோ வால்யூம் குமிழ் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். டேக்கிலிருந்து நேராகப் பவர் ஆம்ப்ளிஃபையருக்குப் போகிறீர்கள், டேக்கில் வால்யூம் கிடையாது என்றால் இதைச் செய்யவே கூடாது. ஸ்பீக்கரும் போகும், காதும் போகும்.

சரி. ஸ்ட்ரீமரின் செட்டிங்கில் வால்யூமை நிலையாக வையுங்கள். சாம்பிள் ரேட் (நாம் பேசிவரும் 44.1, 96 போன்ற கிலோஹெர்ட்ஸ் எண்) மாற்றம் என்று எது இருந்தாலும் நிறுத்துங்கள். ஈக்வலைசர், பாட்டுக்குப் பாட்டு ஒலியளவைச் சமன்செய்யும் வசதி, ஒரு பாட்டு கரைந்து அடுத்தது எழும் கிராஸ்ஃபேட், எல்லாம் அணைந்திருக்கட்டும். வெளியே போகும் உச்ச அளவைத் தேர்ந்தெடுக்கும் இடம் பல ஸ்ட்ரீமர்களில் உண்டு, சாக்கெட்டுக்குச் சாக்கெட் தனியாகவும் இருக்கும். முதல் படியில் தாளில் எழுதிய எண்ணை அங்கே வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் டேக் மௌனமாகிவிடும். கீழே வைத்தால் ஸ்ட்ரீமர் தானே குறைத்து அனுப்பும்.

அறையின் ஒலியைச் சரிசெய்யும் வசதியை மட்டும் நான் இந்தப் பட்டியலில் சேர்க்கமாட்டேன். அது பிட்டுகளை மாற்றும், உண்மை. ஆனால் ஒரு அறையில் பாஸ் குவிந்து முழங்கினால், அதைச் சரிசெய்வதால் காதுக்குக் கிடைப்பது, 96-க்கும் 192-க்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பல மடங்கு அதிகம். சோதனை முடியும்வரை அணைத்து வையுங்கள். எல்லாம் பொருந்திய பிறகு, தெரிந்தே போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் 192-க்கு ஏற்றி அனுப்பினால் நல்லதா என்று கேட்பவர்களுக்கு: டேக்கின் சிப் பெரும்பாலும் தனக்குள்ளேயே பல மடங்கு ஏற்றித்தான் ஒலியாக்குகிறது. அதே வேலையை ஸ்ட்ரீமரும் ஒருமுறை செய்ய அவசியமில்லை.

ஐந்தாம் படி: டிஎஸ்டி இருந்தால்

டிஎஸ்டி கோப்புகள் இல்லாதவர்கள் இதைத் தாண்டிவிடலாம். 1999-இல் வந்த எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி) வட்டின் மொழி இது: ஒரே பிட், நொடிக்கு 28,22,400 முறை. இதை அனுப்ப எங்கும் ஓடும் வழி டிஓபி. டிஎஸ்டி பிட்டுகளை 16, 16-ஆகக் கட்டி, மேலே 8 பிட் அடையாளக் குறி போட்டு, 24 பிட், 176.4 போல வேஷம் கட்டி அனுப்புவது. டேக் அந்தக் குறியைக் கண்டு உள்ளே இருப்பதைப் பிரித்தெடுக்கும். சாதாரண டிஎஸ்டி 64-க்கு 176.4 போதும் என்பதால் கோஆக்ஸியலிலும் போகும், டேக் அங்கே டிஓபியை அறிந்தால். இரட்டிப்பான 128-க்கு 352.8 வேண்டும், அதற்கு யூஎஸ்பி. வேஷம் இல்லாமல் நேராக அனுப்பும் நேட்டிவ் முறைக்கு, ஸ்ட்ரீமரின் லினக்ஸ் அந்த டேக்கை அடையாளம் கண்டிருக்க வேண்டும். இரைச்சல் வந்தால் டிஓபிக்குத் திரும்புங்கள். ஒலித் தரத்தில் இழப்பு கிடையாது.

ஆறாம் படி: சோதனை

44.1, 48, 88.2, 96, 176.4, 192 என்ற ஆறு அளவிலும் ஒவ்வொரு பாட்டு தேடி எடுத்து ஒரு பிளேலிஸ்ட் போடுங்கள். ஒவ்வொன்றையும் ஓடவிட்டு டேக்கின் திரையைப் பாருங்கள். திரை இல்லாத டேக்கில் விளக்கின் நிறம் மாறும், எந்த நிறம் எந்த எண் என்பது கையேட்டில் இருக்கும். ஸ்ட்ரீமரின் செயலியில் தெரியும் எண்ணை நம்பிவிடாதீர்கள். அது கோப்பின் எண்ணாக இருக்கலாம், வெளியே போகும் எண்ணாக இல்லாமலும் இருக்கலாம். ரூன் என்ற பாட்டு மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் கவலை குறைவு, அது பாதையின் ஒவ்வொரு கட்டத்தையும் விரித்துக் காட்டும்.

எண் சரியாக இருந்தாலும் பிட்டுகள் மாறியிருக்கலாம். ஸ்ட்ரீமரின் வால்யூம் 95 சதவீதத்தில் இருந்தாலும் 96 பாட்டுக்கு டேக் 96 கிலோஹெர்ட்ஸ் என்றுதான் காட்டும், உள்ளே எல்லாம் மாறியிருக்கும். இதைப் பிடிக்க டிஓபி நல்ல பொறி. ஆம்ப்ளிஃபையரைக் குறைத்து வைத்துவிட்டு, ஒரு டிஎஸ்டி 64 பாட்டை டிஓபியில் அனுப்புங்கள். வழியில் பிட்டுகளை யாராவது தொட்டிருந்தால் அடையாளக் குறி சிதைந்துவிடும், இரைச்சல்தான் வரும். டேக்கில் டிஎஸ்டி விளக்கு எரிந்தால், 176.4 வரை அந்தக் கேபிளும் பாதையும் சுத்தம். ஒன்று மட்டும்: சில ஸ்ட்ரீமர்கள் டிஎஸ்டிக்கு மட்டும் ஈக்வலைசரையும் வால்யூமையும் தாங்களே விலக்கிவிடும். அதனால் அந்த செட்டிங்குகளைக் கண்ணால் பார்த்தும் உறுதிசெய்யுங்கள்.

ஒத்துவராதபோது

எல்லாப் பாட்டும் 48 காட்டினால் மூன்றாம் படிக்குப் போங்கள். பாட்டு போன் வழியாக வருகிறது, அல்லது ஸ்ட்ரீமரில் மாற்றம் அணையவில்லை.

176.4-உம் 192-உம் மட்டும் அறுபட்டால் சந்தேகம் கேபிள் மேல், ஆப்டிகலாக இருந்தால் இன்னும் அதிகம். வேறு கேபிளிலும் அதே கதை என்றால் அந்தச் சாக்கெட்டுக்கு உச்ச அளவை 96 என்று வைத்துவிட்டு நிம்மதியாகக் கேளுங்கள். 176.4 பாட்டு 88.2-ஆக இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். அப்படி இறங்கினால் குடும்பம் மாறவில்லை.

இணையப் பாட்டு மட்டும் அறுபட்டு, ஸ்ட்ரீமரில் செருகிய பென் டிரைவ் பாட்டு ஒழுங்காக ஓடினால் டேக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 24 பிட், 192 பாட்டு சுருக்காமல் நொடிக்கு 9.2 மெகாபிட், தகவல் இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பில் அதைவிடக் குறைவு. வைஃபையைப் பாருங்கள், முடிந்தால் நெட்வொர்க் கேபிள் போடுங்கள்.

பாட்டின் முதல் நொடி விழுங்கப்படுவது பலருக்கு உண்டு. சாம்பிள் ரேட் மாறும்போது டேக் புதிய தாளத்தைப் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கிறது, அதுவரை வாயை மூடிக்கொள்கிறது. ஸ்ட்ரீமரில் பாட்டுக்கு முன் சிறு மௌனம் சேர்க்கும் செட்டிங் இருந்தால் அரை நொடி, ஒரு நொடி என்று கூட்டிப் பாருங்கள்.

யூஎஸ்பி டேக் அடிக்கடி காணாமல் போனால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். ஸ்ட்ரீமரின் சாக்கெட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கும் டேக்குகளுக்கு, யூஎஸ்பி 2.0-இன் 500 மில்லியாம்ப் சில சமயம் போதாது. தனி அடாப்டர் கொண்ட ஹப் நடுவில் வைத்தால் பெரும்பாலும் சரியாகும். இரண்டையும் அணைத்து, முதலில் டேக்கையும் பிறகு ஸ்ட்ரீமரையும் போட்டுப் பார்ப்பதும் பல ஜோடிகளில் பலிக்கிறது.

அந்த ஆறு பாட்டுப் பிளேலிஸ்டை அழித்துவிடாதீர்கள். ஸ்ட்ரீமரின் மென்பொருள் புதுப்பிக்கப்படும்போது செட்டிங்குகள் சில பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதுண்டு. ஒருமுறை எனக்கு வால்யூம் நிலை மட்டும் சத்தமில்லாமல் மாறிக் கிடந்தது. இப்போது ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் ஆம்ப்ளிஃபையரைக் குறைத்துவிட்டு, ஆறு பாட்டிலும் இருபது இருபது நொடி ஓட்டி, டேக்கின் திரையில் ஆறு எண்களையும் பார்த்துவிட்டுத்தான் அன்றைய ஆல்பத்தைப் போடுகிறேன்.